குழி தோண்டும் முன்: ர்ஷேவ் அருகே கோயில் கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை பாட்யுஷ்கா அவர்களுக்கும், கட்டடக் குழுவில் இருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும்,

வணக்கம். இந்த மடலின் ரஷ்ய வடிவம் போன வாரமே உங்கள் கைக்கு வந்திருக்கும். என் ரஷ்ய மொழி மருத்துவமனை வார்டில் கற்றது. "எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து" என்பதைத் தாண்டினால் தடுமாறும். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அதையே தமிழிலும் எழுதிப் பொதுவில் வைக்க ஒரு காரணம் உண்டு. ட்வேர் நகரில் மருத்துவம் படித்துத் திரும்பிய தமிழ்ப் பிள்ளைகள் பதினான்கு பேர் உங்கள் கோயிலுக்குப் பணம் போட்டிருக்கிறோம். அவர்களிடம் கேட்டு வாங்கியவன் நான். எதற்கு வாங்கினேன், இப்போது ஏன் 'கொஞ்சம் நில்லுங்கள்' என்கிறேன் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா? ஊரின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. காரணம் பின்னால் வரும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மே 6, புனித ஜார்ஜ் திருநாளன்று அடிக்கல் மந்திரிப்பு என்று அழைப்பு அனுப்பியிருந்தீர்கள். ஏப்ரல் கடைசியில், பனி இளகியதும், அஸ்திவாரம் எடுக்க இயந்திரம் வருகிறது என்றும் அதில் இருந்தது. அந்த இயந்திரத்தை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது தோண்டப்போகும் இடத்தில் போரில் மடிந்தவர்கள் கிடக்கிறார்கள். கோயிலே வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஒரு வருடம், அவர்களைத் தேடி எடுக்கும் தேடல் குழுவுக்கு ஒரே ஒரு பருவம், தள்ளிப்போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இந்த மே 6 போகட்டும், அடுத்த மே 6-க்கு வைத்துக்கொள்ளலாம்.

இதைக் கேட்க இவனுக்கு என்ன உரிமை என்று தோன்றும். நியாயம்தான். நான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் பிறந்த கத்தோலிக்கன். சிலுவை போடும்போது நீங்கள் வலத் தோளை முதலில் தொடுவீர்கள், நான் இடத் தோளை. ஆனால் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது வகுப்புத் தோழன் ஒருவன் ஈஸ்டருக்குத் தன் பாட்டி வீட்டுக்கு அழைத்துப்போனான். அந்த வீடு உங்கள் ஊரில், பால் பண்ணைக்குப் போகும் பாதையில் கடைசி வீடு. அதற்குப் பிறகு படிப்பு முடியும்வரை ஒவ்வொரு வசந்தத்துக்கும் வந்தேன். மூன்று பருவம் தேடல் குழுவோடு உங்கள் வயலில் மண்டி போட்டிருக்கிறேன். அந்த உறவில்தான் பேசுகிறேன்.

இங்கே தமிழில் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. பாட்யுஷ்கா, உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். ர்ஷேவ் என்பது வோல்கா ஆற்றங்கரையில் உள்ள சிறு நகரம். மாஸ்கோவுக்கு மேற்கே இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1941 அக்டோபர் 14 அன்று ஜெர்மானியர் அதைப் பிடித்தார்கள். 1942 ஜனவரியிலிருந்து 1943 மார்ச் வரை சோவியத் நாட்டின் செம்படை திரும்பத் திரும்ப மோதியது. 1942 ஜூலை 30 அன்று கொட்டும் மழையில் தொடங்கிய தாக்குதலில், நகருக்கு வடக்கே பொலூனினோ, கலாஹோவோ, டிமோஃபேயெவோ போன்ற சிற்றூர்களையும், வரைபடத்தில் வெறுமனே '200' என்று எண்ணிட்ட ஒரு மேட்டையும் பிடிக்க நாள் கணக்கில் ஆட்கள் சேற்றில் விழுந்தார்கள். பதினான்கு மாதங்களில் செம்படையின் இழப்பு, இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து, பத்து லட்சத்தைத் தாண்டும். அதில் இறந்தவர் மட்டும் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்றும் சண்டை ஓயவில்லை. ஸ்டாலின்கிராட் போல வெற்றி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாததால் பாடப் புத்தகங்களில் ர்ஷேவுக்கு நீண்ட காலம் இடமும் இல்லை. 2020 ஜூன் 30-ல்தான் நகருக்கு வெளியே 25 மீட்டர் உயர வெண்கலச் சிப்பாய் எழுந்தான். 10 மீட்டர் மேட்டின் மேல் அந்தரத்தில் நிற்பதுபோல் இருப்பான். கோட்டின் கீழ்ப்பாதி நாரைகளாகக் கலைந்து பறந்துகொண்டிருக்கும்.

ஒரு கோயிலின் கதையும் உண்டு, உங்களுக்கு எழுதும் மடலில் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1943 மார்ச் தொடக்கத்தில் ஜெர்மானியர் பின்வாங்கும்போது, நகரில் மிஞ்சியிருந்த மக்களை, 248 பேரை, பழைய சடங்குக்காரர்களின் (பழைய வழிபாட்டு முறையை விடாத ரஷ்யக் கிறிஸ்தவர்களின்) அன்னை மரியா கோயிலுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திச் சுற்றிலும் கண்ணிவெடி வைத்துவிட்டுப் போனார்கள். மார்ச் 3 அன்று செம்படை வீரர்கள் வந்து வெடிகளை அகற்றிக் கதவைத் திறந்தார்கள். போருக்கு முன் சுமார் 56,000 பேர் வாழ்ந்த நகரம் அது. அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது. உள்ளே போனால் மெழுகுவர்த்தி வாசனையோடு, சாதாரணமாக, ஒரு ஊர்க் கோயில்போலத்தான் இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

சரி, உங்கள் ஊருக்கு வருகிறேன்.

உங்கள் பழைய கோயிலை 1930-களில் மூடித் தானியக் கிடங்கு ஆக்கினார்கள். போரில் ஜெர்மானியர் அதன் மணிக்கூண்டில் ஏறி நின்று பீரங்கிக்குக் குறி சொன்னார்கள். அதனால் நம் பக்கத்துக் குண்டுகளே அதை இடித்தன. போருக்குப் பின் மிஞ்சிய செங்கல்லை ஊர்க்காரர்கள் தூக்கிப்போய் அடுப்புக் கட்டிக்கொண்டார்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, குளிரில் அடுப்பு வேண்டும். என் தோழனின் பாட்டி வீட்டுக் கணப்படுப்பிலும் அந்தச் செங்கல் இருந்தது. "கோயில் கல் சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும்" என்பார். பாபுஷ்கா என்றுதான் நானும் அவரைக் கூப்பிட்டேன். இனி அப்படியே எழுதுகிறேன்.

பாபுஷ்கா 1937-ல் பிறந்தவர். 1943 வசந்தத்தில் ஆறு வயது. முன்வரிசை மேற்கே நகர்ந்துபோன பின், வயலில் கிடந்தவர்களை அப்புறப்படுத்தும் வேலை பெண்கள் தலையிலும் சிறுவர்கள் தலையிலும் விழுந்தது. ஆண்கள் இல்லை. பனி உருகுமுன் புதைக்காவிட்டால் கிணறு, ஓடை எல்லாம் கெட்டுவிடும். உறைந்த மண்ணைத் தோண்ட வலுவும் இல்லை. அதனால் இருக்கிற பள்ளத்தில், குண்டு விழுந்த குழியில், ஜெர்மானியர் வெட்டிய பதுங்குகுழியில் போட்டு மூடினார்கள். பாபுஷ்காவின் அம்மா பனிச்சறுக்கு வண்டியை இழுத்தார். "நான் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், இழுத்தேன் என்று சொல்ல முடியாது" என்றார் என்னிடம். கோயிலின் கிழக்குச் சுவருக்குப் பின்னால், பழைய லீபா மரத்துக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு பெரிய குண்டுக்குழி. அங்கேதான் அவர்கள் பகுதி ஆட்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள். எத்தனை பேர் என்று கேட்டேன். "எனக்குப் பத்து வரைதான் எண்ணத் தெரியும். இரண்டு தடவை பத்து வந்தது. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்."

இதை அவர் சொன்னது 2012-ல், ஒரு மழை மாலையில், ஊறுகாய் ஜாடிகளைத் துடைத்துக்கொண்டே. நான் கேட்டேன், வருத்தப்பட்டேன், அடுத்த வாரம் மருந்தியல் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டேன். தேடல் குழுத் தலைவரிடம் சொல்ல நினைத்தேன். அந்தப் பருவம் குழு ஓடைக்கு அப்பால் இருந்தது. அடுத்த பருவம் வேறு இடம். 2015-ல் படிப்பு முடிந்து ஊர் திரும்பினேன். 2018-ல் பாபுஷ்கா போய்விட்டார். அவருடைய பேரன் அப்போது அறையில் இல்லை. இதைக் கேட்டவன் நான் ஒருவன்தான் என்பது போன மாதம் உங்கள் வரைபடத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. வெட்கமாக இருக்கிறது, மறைப்பதற்கில்லை.

அந்த வரைபடத்தில் புதுக் கோயில் பழைய கோயில் இருந்த இடத்திலேயே சரியாக இல்லை. பழைய அஸ்திவாரம் நம்ப முடியாது என்று பொறியாளர் சொன்னதால் ஏழு மீட்டர் கிழக்கே நகர்த்தியிருக்கிறீர்கள். நகர்த்திய பின் பீடம் வரும் அரைவட்டம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். லீபா மரத்துக்கும் பழைய சுவருக்கும் நடுவில்.

இனி, நீங்கள் சொல்லக்கூடியதை எல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'எல்லாரையும் 1950-களிலேயே பொதுக் கல்லறைக்கு மாற்றியாயிற்று, காகிதம் இருக்கிறது' என்பது முதலில் வரும். காகிதம் இருப்பது எனக்கும் தெரியும். அந்த ஆண்டுகளில் சிதறிக் கிடந்த சிறு கல்லறைகளைப் பெரிய கல்லறைகளோடு சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. பொலூனினோவில் இன்று பத்தாயிரம் பேருக்கு மேல் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். ஆனால் பல இடங்களில் நகர்ந்தது பெயர்ப் பட்டியல் மட்டும்தான். ஒரு கூட்டுப்பண்ணைத் தலைவர், நாலு ஆள், ஒரு வண்டி, கெடு தேதி. மேலாகக் கிடைத்ததை எடுத்து, மிச்சத்தை உழுதுவிட்டு, 'மாற்றப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டார்கள். நானே உங்கள் ஓடைக்கு அப்பால், 1954-ல் மாற்றியதாகக் காகிதம் சொன்ன ஒரு பதுங்குகுழியில், ஆறு பேரை எடுத்தவன். தவிர, கோயில் பின்புறக் குழி எந்தப் பட்டியலிலும் ஏறவே இல்லை. சுவர் இடிந்து அதன்மேல் விழுந்து, பிறகு செங்கல் பொறுக்கி, பிறகு புல் முளைத்து, யாருக்கும் அது குழி என்றே தெரியாமல் போனது.

ஆறு பேர் என்று எப்படிச் சொல்கிறேன்? அந்தக் கணக்கில்தான் குழுவுக்கு நான் கொஞ்சம் பயன்பட்டேன். மருத்துவ மாணவன், எலும்பு தெரிந்தவன் என்று கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். மண்டையோடு நாலு கிடைக்கும், நொறுங்கினது வேறு கிடக்கும். வலத் தொடையெலும்பை மட்டும் தனியே அடுக்கினால் ஆறு வரும். ஒருவனுக்கு இரண்டு வலத் தொடை கிடையாது, ஆகவே ஆறு ஆள். முதன்முதலில் என் கையில் வந்தது ஒரு பூட்ஸ். சேற்று மண்ணில் தோல் கெடவே இல்லை. உள்ளே காலுறைத் துணியோடு பாதம். ஒரு பாதத்தில் 26 எலும்பு, அதைத்தான் முந்தின ஆண்டு தேர்வுக்கு மனப்பாடம் செய்திருந்தேன். ஒவ்வொன்றாகத் துணியில் எடுத்துவைத்தபோது இருபத்தாறும் இருந்தன. அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை.

தேடுகிறவர்கள் கையில் 'ஷூப்' என்ற நீண்ட எஃகுக் கம்பி இருக்கும். மண்ணில் குத்திக்கொண்டே போவார்கள். கல்லில் பட்டால் ஒரு ஒலி, இரும்பில் பட்டால் வேறு ஒலி, எலும்பில் பட்டால் 'டொக்' என்று மந்தமாக. பழகினவர்கள் பேசிக்கொண்டே நடந்து, சட்டென்று நின்று, அதே இடத்தில் மெதுவாக இன்னொரு தரம் குத்துவார்கள். இதை இயந்திரத்தின் வாளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பக்கம் குளிர்காலத்தில் மண் ஒரு மீட்டருக்கும் கீழே உறையும். அஸ்திவாரம் அதற்கும் கீழே போயாக வேண்டும். இவர்கள் கிடப்பதோ பெரும்பாலும் அதற்கு மேலே. முதல் வாளியிலேயே அள்ளிவிடும். அள்ளியது எலும்பா, வேரா என்று ஓட்டுநர் பார்க்கப்போவதில்லை. அது வெடிக்காத குண்டாக இருந்தால் பார்க்க அவரே இருக்க மாட்டார்.

குழுவில் ஒருவர் தொலைபேசியில் ஒரு வழி சொன்னார். குழியே எடுக்காமல், திருகாணிபோல மண்ணுக்குள் இறங்கும் இரும்புக் கால்களை இறக்கிவிட்டால் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று. நல்ல மனதோடுதான் சொன்னார், தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தக் கால் எதன் வழியாக இறங்கும்? நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டமும் இருக்கிறது. தாய்நாட்டைக் காத்து மடிந்தவர்களின் நினைவைப் பேணும் சட்டம், 1993 ஜனவரியில் வந்தது. போர் நடந்த நிலத்தில் எந்த வேலை தொடங்குமுன்னும், அறியப்படாத புதைகுழி இருக்கிறதா என்று உள்ளூர் நிர்வாகம் ஆய்ந்து பார்க்க வேண்டும் என்கிறது அது. எரிவாயுக் குழாய் போடுகிறவர்கள் இதைத் தட்டிக்கழித்தால் ஊரே திட்டும். கோயில் கட்டுகிறவர்களை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்க மாட்டார்கள் என்பதாலேயே நீங்கள் முன்னால் நின்று கேட்டுச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். வழக்குப் போடப்போகிறேன் என்று பயமுறுத்துவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அந்த எண்ணமே இல்லை.

தேதி. இதுதான் கடினம், ஒப்புக்கொள்கிறேன். ஆயர் வருகிறார். மே 6 உங்களுக்கு வெறும் தேதி கிடையாது. 1945-ல் ஈஸ்டர் சரியாக மே 6-ல், புனித ஜார்ஜ் நாளில் வந்தது. பெர்லின் சரணடைந்து நாலே நாள். போரின் கடைசி வாரத்து ஈஸ்டர் அது என்று பாபுஷ்கா சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அது ஒவ்வொரு வருடமும் வரும் நாள்தானே. அதோடு ஒரு விஷயம் தச்சரிடமே கேட்டுப் பாருங்கள். மரக்கட்டை அடுக்கிக் கட்டும் கோயில் எப்படியும் ஒரு வருடம் அமர வேண்டும். பச்சை மரம் காயக் காயச் சுவர் இறங்கும், அதற்கு முன் ஜன்னல் கதவு வைக்க முடியாது. கூட்டைப் பட்டறையிலேயே அடுக்கி, தற்காலிகக் கூரை போட்டு நிறுத்திவைத்தால், அடுத்த வசந்தத்தில் எண் போட்டுப் பிரித்து, கொண்டுவந்து, அமர்ந்த மரமாகவே ஏற்றலாம். நாள் ஒன்றும் வீணாகாது. ஏப்ரல் கடைசி தொடங்கி செப்டம்பர் வரை தேடல் குழு அந்த அரை ஏக்கரை அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிடும்.

தச்சர் என்றதும் நினைவு வருகிறது. உங்கள் காட்டு மரத்தையே எடுக்கலாம் என்று ஒரு பேச்சு இருந்ததே, அது கைவிடப்பட்டது எனக்குச் சந்தோஷம். தோழனின் மாமா ரம்பப் பட்டறை வைத்திருந்தார். வயசான பைன் மரம் வந்தால் முதலில் கையால் தடவிப் பார்ப்பார். உள்ளே 1942-ன் குண்டுத்துண்டு இருந்தால் ரம்பப் பல் போய்விடும். "மரமும் போர் வீரன்தான், ஓய்வூதியம்தான் கிடையாது" என்பது அவருடைய ஹாஸ்யம்.

பாட்யுஷ்கா, இந்தப் பத்தி உங்களுக்கு மட்டும். கோயில் அர்ச்சிப்பில் பீடத்தின் அடியில் மறைசாட்சிகளின் திருப்பண்டம் வைப்பீர்கள். பீடத்தின்மேல் விரிக்கும் துணியிலும் அது தைக்கப்பட்டிருக்கும். எங்கள் சபையிலும் பழைய பீடங்களில் அந்த வழக்கம் உண்டு. ஒரு சிறு எலும்புத்துண்டை எத்தனை மரியாதையோடு, மெழுகும் வாசனைப் பசையும் இட்டு, தலைமேல் சுமந்து பவனியாகக் கொண்டுவருகிறீர்கள்! அந்தப் பீடத்துக்கே இரண்டு மீட்டர் கீழே, யாரும் கழுவாத, யாரும் மன்றாட்டுச் சொல்லாத இருபதுக்கும் மேற்பட்ட பேர் கிடந்தால், அங்கே நின்று நீங்கள் எப்படிக் கை உயர்த்துவீர்கள்? 'கோயில் அவர்கள்மேல் நிற்பதே அவர்களுக்கு ஆசீர்வாதம்' என்று ஒருவர் சொல்லக்கூடும். எனக்கு அது ஒப்பவில்லை. தெரியாமல் நின்றிருந்தால் சரி. இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்துபோகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எடுத்த பிறகு என்ன என்ற கேள்வியும் எளிதல்ல. பெரும்பாலும் பெயர் கிடைக்காது. 1941 மார்ச் உத்தரவுப்படி சிப்பாய்க்கு ஒரு கறுப்புக் குப்பி கொடுத்தார்கள், விரலளவு, மூடியைத் திருகலாம். உள்ளே பெயரும் ஊரும் எழுதிய சீட்டு. எழுதினால் சாவு வரும் என்று பயந்து பலர் எழுதவே இல்லை. நான் இருந்த மூன்று பருவத்தில் எங்கள் குழி ஒன்றில் ஒரு குப்பி கிடைத்தது. நீர் புகவில்லை. தலைவர் அதைத் திறந்து, ஈரம் காட்டி, ஊசியால் விரித்தார். சீட்டு புதிதுபோல் இருந்தது. ஒரு எழுத்தும் இல்லை. 1942 நவம்பரில் அந்தக் குப்பி முறையையே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பின் விழுந்தவர்களிடம் அதுவும் இல்லை. சில சமயம் கரண்டியில், அலுமினியக் குவளையில், கத்தி முனையால் கீறிய இரண்டெழுத்து கிடைக்கும். பாதுகாப்பு அமைச்சகத்தின் பட்டியல்கள் இப்போது இணையத்தில் இருப்பதால் அந்த இரண்டெழுத்தை வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்கத் தேடுகிறவர்களை நான் அறிவேன். இயந்திர வாளி கரண்டியைப் பார்க்குமா?

கிடைப்பவர்கள் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர்களாகவும் இருக்க மாட்டார்கள். ர்ஷேவ் முனையில் கசாக் தேசியப் படைப்பிரிவுகள், 100-ம் 101-ம், போரிட்டன. தாத்தார்கள், உஸ்பெக்குகள், யூதர்கள், கடவுளே இல்லை என்றவர்கள் எல்லாரும் ஒரே குழியில்தான். எந்தப் பெயரை உள்ளே வாசிப்பது, எதை வெளியே வாசிப்பது என்பது உங்கள் சபையின் ஒழுங்கு, நான் மூக்கை நுழைக்கவில்லை. ஆனால் இறந்தோர் மன்றாட்டில் ஒரு வரி சொல்வீர்கள்: 'இவர்கள் பெயரை, ஆண்டவரே, நீரே அறிவீர்.' பாபுஷ்கா அந்த வரி வரும்போது மட்டும் சத்தமாகச் சொல்வார். அந்த வரிக்குள் கசாக்கும் அடங்குவான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோயிலுக்கு வெளியே, லீபா மரத்தடியில் ஒரு கல் நட்டால் போதும். அதில் சிலுவை இருந்தாக வேண்டும் என்பதில்லை.

அந்தக் குழியில் ஒரு ஜெர்மன்காரனும் உண்டு. பாபுஷ்கா சொன்னார், "அவன் பூட்ஸை யாரோ முன்னாலேயே கழற்றியிருந்தார்கள்" என்று. அவனைத் தேடல் குழு முறைப்படி ஒப்படைத்துவிடும். ர்ஷேவின் அமைதிப் பூங்காவில் 2002 முதல் சோவியத் கல்லறையும் ஜெர்மன் கல்லறையும் எதிரெதிரே இருக்கின்றன. அதைத் திறக்கும்போது ஊரில் எத்தனை மனக்கசப்பு இருந்தது என்று உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இப்போது இரண்டு பக்கமும் ஒரே ஆள்தான் புல் வெட்டுகிறார்.

ஊர்ப் பெயரை ஏன் மறைத்தேன் என்று சொல்கிறேன் என்றேனே. 'கறுப்புத் தோண்டிகள்' காரணம். தேடும் குழிக்கு இரவோடு இரவாக வந்து பதக்கம், தலைக்கவசம், அடையாளத் தகடு எடுத்து விற்று, எலும்பை உதறிவிட்டுப் போகிறவர்கள். தேடல் குழு வந்து இறங்கும்வரை இது உங்களுக்குள் இருக்கட்டும்.

உள்ளே என்ன வரையப்போகிறீர்கள் என்பதில் கருத்துச் சொல்ல எனக்கு வேலை இல்லைதான். ஆனாலும் ஒன்று. குபின்காவில் 2020-ல் அர்ச்சித்த ஆயுதப்படைப் பேராலயத்துக்குப் போயிருக்கிறேன். மணிக்கூண்டு 75 மீட்டர், முதன்மைக் குவிமாடத்தின் விட்டம் 19.45 மீட்டர், 1945-ஐக் குறிக்க. பிடிபட்ட ஜெர்மன் ஆயுதங்களை உருக்கிய இரும்பைப் படிக்கட்டில் பதித்திருக்கிறார்கள். பெரிய வேலைப்பாடு, இல்லை என்று சொல்லவில்லை. அங்கே எனக்கு ஜெபம் வரவில்லை. உங்கள் வரைபடத்தில் வாசல் பக்கம் ஒரு பீரங்கியைக் குறித்திருக்கிறீர்களே, அதை எடுத்துவிட்டு ஒரு பெஞ்சு போடலாமே. கிழவிகள் உட்கார இடம் வேண்டும். ஊர்க் கல்லறையில் புது மண்ணும் இருக்கிறது, அதன் பக்கத்தில் நிற்கும் தாய்மாரும் அந்த வழியாகத்தான் வருவார்கள். அதைப் பற்றிப் பேச இந்த மடல் இல்லை.

இன்னொன்று, பணம் கொடுத்தவர்களின் பெயரை ஒவ்வொரு மரக்கட்டையிலும் எழுதுவதாகச் சொன்னீர்கள். எங்கள் பதினான்கு பேருக்கும் தமிழிலேயே எழுதலாம் என்று அன்பாகக் கேட்டிருந்தீர்கள். நண்பர்களிடம் பேசிவிட்டேன், என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் வேண்டாம் என்கிறோம், இரண்டு பேர் யோசிக்கிறார்கள். என் பெயர் வேண்டாம். வெற்றுச் சீட்டோடு கிடந்தவனை என் கையால் எடுத்திருக்கிறேன். அவன் தலைக்கு மேல் என் பெயர் எதற்கு? வண்டி இழுத்த பெண்களின் பெயரைத் தெரிந்தவரை எழுதுங்கள், இடம் போதாவிட்டால் எங்கள் பதினான்கு கட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தள்ளிப்போடுவதால் தச்சருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய தொகையை எழுதி அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆயருக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்த மடலையே காட்டலாம், என்மேல் கோபப்படட்டும். மே மாதம் மூன்று வாரம் விடுப்புச் சொல்லிவைத்திருக்கிறேன். குழுவின் கூடாரத்தில் படுத்துக்கொள்வேன், ரப்பர் பூட்ஸ் மட்டும் யாராவது இரவல் தர வேண்டும், 42 அளவு.

இத்துடன் ஒரு நகல் வைத்திருக்கிறேன். என் மருந்தியல் நோட்டின் பின்பக்கத்தில் பாபுஷ்கா போட்டுக் காட்டிய படம். நீளமான கோடு கோயில் சுவர். பக்கத்தில் கிளை கிளையாக இருப்பது லீபா மரம். தேநீர்க் குவளையைக் கவிழ்த்து, அதைச் சுற்றிப் பென்சிலை ஓட்டி அவர் போட்ட வட்டம்தான் குழி. அளவை நம்ப வேண்டாம், அது குவளையின் அளவு. மரம் எந்தப் பக்கம் என்பதை மட்டும் பாருங்கள்.

அன்புடன்,
பாபுஷ்கா வீட்டு இந்தியன்